மைனா டீச்சர் பொருள் விற்க மாட்டாள்

பல் பிடுங்கியதில் புனிதாவின் இடது கன்னம் முழுக்க மரத்துப் போயிருந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு, ஊசியின் வேகம் குறையும்வரை உட்காரலாம் என்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து ஐஸ் தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். மத்தியானக் கூட்டம். பக்கத்து மேசையில் ஒரு பெண் தன் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பையன் வாயைத் திறப்பதற்காக ஒரு டேப்லட்டைத் தண்ணீர் ஜக்கின்மேல் சாய்த்து வைத்திருந்தார்கள்.

அதிலிருந்து அம்மா பேசினாள்.

"மைனா வந்தாச்சு, மணி அடிச்சாச்சு, புத்தகத்தத் திறந்தாச்சா பிள்ளைங்களா?"

புனிதாவின் அம்மா சீதாலெட்சுமி இறந்து ஆறு வருடமாகிறது. தொண்டையில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கடைசி மாதங்களில் அவளுக்குக் குரலே இல்லை. வேண்டியதைக் கையால் காட்டுவாள், புரியாவிட்டால் மேசையைத் தட்டுவாள். அந்தத் தட்டல் சத்தம்தான் புனிதாவின் காதில் கடைசியாகத் தங்கியிருந்தது. இப்போது கூட்டத்துக்கும் பாத்திரச் சத்தத்துக்கும் நடுவில், நோய் வருவதற்கு முப்பது வருடங்களுக்கு முந்தைய குரல், தேங்காய்த் தண்ணீர்போல் தெளிவாக, அவள் தோளுக்குப் பக்கத்தில் பேசியது.

அம்மா பொம்மைக்குக் குரல் கொடுத்த பழைய டிவி நிகழ்ச்சியை யாரோ யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தாள். எழுந்துபோய் அந்தப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசலாம் என்றுகூடத் தோன்றியது. அதற்குள் குரல் தொடர்ந்தது.

"எங்க தங்கப்புள்ள எங்க? இன்னிக்கே அம்மாகிட்ட சொல்லி மைனா கிளாஸ்ல சேர்ந்துடு. உன் கூட்டாளிங்க எல்லாரும் சேர்ந்தாச்சு. சேராதவங்க பின்னாலேயே நின்னுடுவாங்க."

புனிதா எழுந்து அந்த மேசைக்குப் போனாள். "இது என்ன?" என்று கேட்டாள். மரத்த வாயிலிருந்து வார்த்தை குழறி வந்தது. அந்தப் பெண் மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"விளம்பரம் ஆன்டி. டியூஷன் ஆப். சின்ன வயசுல டிவியில வருமே, மைனா டீச்சர்னு. அவங்க திரும்ப வந்துட்டாங்க."

"அவங்க செத்துட்டாங்க."

"என்ன ஆன்டி?"

இன்னொரு தடவை சொல்லப் பார்த்தாள். உதட்டோரம் எச்சில் வழிந்தது. பையன் சிரித்தான். புனிதா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

காருக்குள் உட்கார்ந்து அந்த விளம்பரத்தைத் தேடி எடுத்து மூன்று தடவை கேட்டாள். சந்தேகமே இல்லை. ஆனால் அம்மா அந்த வார்த்தைகளைப் பேசியதில்லை. பேசியிருக்க முடியாது. ஆப் என்ற ஒன்று வருவதற்கு முன்பே அந்த நிகழ்ச்சி நின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் குரலைச் செய்து பேச வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருந்தது. டிவியில் மைனா டீச்சர் எல்லாரையும் 'பிள்ளைங்களா' என்றுதான் கூப்பிடும். 'தங்கப்புள்ள' வீட்டுக்குள் மட்டும் புழங்கிய வார்த்தை. அம்மா அதைச் சொன்னது இரண்டே பேரிடம். ஒன்று புனிதா. இன்னொன்று தம்பி முகுந்தன்.

முகுந்தன் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். போனை உடனே எடுத்தான்.

"பார்த்துட்டியா?" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு மாசமா ஓடுது அக்கா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நல்லாதான இருக்கு? என் மகளுக்கு இப்பதான் பாட்டி குரலே தெரியுது."

"அம்மாவ வச்சு வியாபாரம் பண்றாங்க முகுந்தா."

"அவங்க கெட்டவங்க இல்ல லா. தமிழ் சொல்லிக் குடுக்கிறாங்க. நீ கொஞ்சம் பொறுமையா பாரு."

"தங்கப்புள்ளன்னு சொல்றாங்க. அது எங்கிருந்து போச்சு?"

பின்னால் தொழிற்சாலை மணி அடித்தது. வேலை இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

புனிதா கிள்ளானுக்குத் திரும்பும் வழி முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். ஊசியின் மருந்து இறங்க இறங்க வலி ஏறியது.

சீதாலெட்சுமி கிள்ளான் செந்தோசாவில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. எண்பதுகளின் கடைசியில் தொலைக்காட்சி நிலையம் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு நிகழ்ச்சி தொடங்கியபோது, பொம்மைக்குக் குரல் கொடுக்க ஆள் தேடி, யார் யாரையோ கேட்டு அவளிடம் வந்து சேர்ந்தார்கள். பொம்மையையும் அவளே தைத்துக்கொண்டு போனாள். கம்பி முறிந்த கறுப்புக் குடையின் துணிதான் உடம்பு. அலகுக்கு மஞ்சள் பிளாஸ்டிக் குவளை. படப்பிடிப்பு நாட்களில் விடியுமுன் பஸ் ஏறிக் கோலாலம்பூர் போய், ஒரு மேசைக்கு அடியில் மண்டியிட்டு உட்கார்ந்து, கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசுவாள். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பது புனிதாவின் வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சி வரும்போது அம்மா அவர்களோடு உட்கார்ந்து பார்க்க மாட்டாள். சமையலறையில் இருப்பாள். டிவிக்குள் மைனா ஒரு கேள்வி கேட்கும். புனிதாவும் முகுந்தனும் தரையிலிருந்து கத்திப் பதில் சொல்வார்கள். மைனா, "சரியாச் சொன்னீங்க" என்று சொல்லும் அதே நேரத்தில் சமையலறையிலிருந்தும் "சரியாச் சொன்னீங்க" என்று வரும். முகுந்தனுக்கு ரொம்ப நாள்வரை உலகத்தில் எல்லா வீட்டிலும் சமையலறையிலிருந்து இன்னொரு குரல் வரும் என்ற நினைப்பு. பள்ளியில் புனிதா, "எங்கம்மாதான் மைனா டீச்சர்" என்றபோது யாரும் நம்பவில்லை. அழுதுகொண்டு வந்து சொன்னாள். அம்மா மறுநாள் பள்ளிக்கூட வாசலில் விட வந்தபோது, கூடி நின்ற பிள்ளைகளைப் பார்த்து மைனா குரலில் "மணி அடிச்சாச்சு" என்றாள். அன்றைக்குப் பிறகு புனிதாவுக்கு அந்தப் பள்ளியில் எதிரியே இல்லை.

நிகழ்ச்சி நன்றாக ஓடிய காலத்தில் ஒரு சத்துமாவுக் கம்பெனியின் ஆள் வீட்டுக்கு வந்தார். டை கட்டியிருந்தார். இரண்டு பெரிய டின்னும் கொண்டுவந்தார். இந்த மாவைக் குடித்தால் நன்றாகப் படிக்கலாம் என்று மைனா ஒரே ஒரு வரி சொன்னால் போதும் என்றார். அம்மா தேநீர் கொடுத்தாள். "மைனா டீச்சர் எதச் சொன்னாலும் பிள்ளைங்க நம்பிடுவாங்க சார். அதனாலதான் சொல்ல முடியாது" என்றாள். டின்களையும் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். முகுந்தன் அந்த டின்னுக்காக அழுதான்.

அந்த அம்மாவைத்தான் இப்போது, சேராதவர்கள் பின்னால் நின்றுவிடுவார்கள் என்று சொல்ல வைத்திருந்தார்கள். பாலர் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் அவள் அப்படிச் சொன்னதில்லை. பின்தங்கிய பிள்ளையைத்தான் மடியில் வைத்துக்கொள்வாள்.

மறுநாள் புனிதா வேலைக்குப் போகவில்லை. போர்ட் கிள்ளானில் அவளுக்குச் சொந்தமாகச் சின்ன ஃபார்வர்டிங் அலுவலகம் இருந்தது. கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் தொழில். நாள் முழுக்க லோரிக்காரர்களோடும் அதிகாரிகளோடும் சண்டை போட்டுப் பழகியவள். அலுவலகத்தை உதவியாளர் குமுதாவிடம் ஒப்படைத்துவிட்டு, முகவரி தேடிக்கொண்டு சுபாங் ஜெயாவுக்குப் போனாள்.

மைனா கிளாஸ் ஒரு கடைவரிசையின் இரண்டாம் மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவில் மஞ்சள் அலகு வரைந்திருந்தார்கள். நடத்துபவன் கிஷன் என்ற இளைஞன். அவள் யாரென்று சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்து அவள் காலைத் தொடக் குனிந்தான். புனிதா காலை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் மைனா டீச்சர் பிள்ளை" என்றான். "எங்கம்மா கையுறை ஃபேக்டரில வேலை. ஞாயித்துக்கிழமையும் ஷிப்ட் இருக்கும். என்ன டிவி முன்னாடி உக்கார வச்சுட்டுப் போயிடுவாங்க. பழைய வீடியோ கேசட்ட வாடகைக்கு எடுத்து வச்சிருப்பாங்க. எனக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்தது உங்கம்மாதான். அந்த நன்றிக்காகத்தான் இத ஆரம்பிச்சேன்."

"சொல்லிக் குடுத்ததுக்கு எங்கம்மா உன்கிட்ட ஏதாவது கேட்டாங்களா?"

"இல்லக்கா."

"நீ சேரலன்னா பின்னால நின்னுடுவன்னு சொன்னாங்களா?"

கிஷன் தலையைச் சொறிந்தான். "அது மார்க்கெட்டிங்ல எழுதினது. மாத்தச் சொல்லலாம்."

"எழுதினது யாரோ. சொல்றது எங்கம்மா. எந்த உரிமையில சொல்ல வச்ச?"

"அங்கிள்தான் அனுமதி குடுத்தாரு."

புனிதாவுக்கு ஒரு நொடி எந்த அங்கிள் என்று புரியவில்லை.

"உங்கப்பா, அக்கா. மைனா டீச்சர் குடும்பத்தத் தெரியுமான்னு பேஸ்புக்ல கேட்டிருந்தேன். முகுந்தன் அண்ணன் பார்த்துட்டு என்னை அங்கிள்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. அங்கிள்தான் டேப் எல்லாம் எடுத்துக் குடுத்தாரு. ஆன்டி வீட்டுல பேசிப் பழகினது. தங்கப்புள்ளங்கிறதும் அதுல இருந்ததுதான். டிவியில வந்தத வச்சு மட்டும் செய்ய முடியாது, பின்னால மியூசிக் இருக்கும். அந்த டேப் இல்லன்னா இந்தக் குரலே இல்ல." அவன் அலமாரியிலிருந்து ஒரு சப்பாத்துப் பெட்டியை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான். உள்ளே கேசட்டுகள், அம்மா கையெழுத்தில் எண் போட்டவை. "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. திருப்பிக் குடுக்கணும்னுதான் இருந்தேன். ஒரே கஷ்டம் என்னன்னா, ஒரு ஆம்பளக் குரல் அடிக்கடி குறுக்க வரும். அத வெட்டி எடுத்துச் சுத்தம் பண்ணத்தான் ரொம்ப நாளாச்சு."

புனிதா பெட்டியை மூடினாள். அந்த ஆம்பளை யாரென்று அவள் கேட்கவில்லை.

"அப்பா பதிலுக்கு என்ன கேட்டாரு?"

"ஒண்ணுமே வாங்கிக்கல அக்கா. இந்தக் குரல் என்கிட்ட பேசுமான்னு மட்டும் கேட்டாரு."

"பேச வச்சியா?"

"அங்கிளுக்காகத் தனியா ஒண்ணு செஞ்சு குடுத்தோம்" என்றான் கிஷன். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை இருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த விளம்பரம் எங்கயும் வரக்கூடாது. வந்துச்சுன்னா எங்கம்மா யாருன்னு நான் ஊருக்கே சொல்லுவேன்."

"அக்கா, உக்காந்து பேசலாம்."

"நான் பேசுறதுக்கு வரல" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

அப்பா ராதாகிருஷ்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். செந்தோசா வீட்டில் தனியாக இருந்தார். புனிதா கேட்டைத் திறக்கும்போதே உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"ஏங்க, மருந்து போட்டாச்சா? வெயில்ல வெளிய போகாதீங்க."

"போட்டுட்டேன்" என்று அப்பா பதில் சொன்னார்.

சமையலறை மேசையில் சீனி டின்மேல் போனைச் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார். திருடும்போது பிடிபட்ட பிள்ளையைப்போல் இருந்தது அவர் செய்கை. அதுவே புனிதாவுக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது.

"எப்ப இருந்துப்பா இது?"

"தைப்பூசத்துக்கு முன்னாடி இருந்து."

"அம்மா உங்கள ஏங்கன்னு கூப்பிட்டதே கிடையாது. புனிதா அப்பான்னுதான் கூப்பிடுவாங்க. யாரு இது?"

அவர் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். "நான்தான் அப்படிக் கூப்பிட வைக்கச் சொன்னேன். கூப்பிட்டா எப்படி இருக்கும்னு."

"உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு பொம்பளைய செஞ்சு வாங்கியிருக்கீங்க. திட்ட மாட்டா, மூஞ்சியத் தூக்கிக்க மாட்டா. வெயில்ல போகாதீங்கன்னு மட்டும் சொல்லுவா."

"சத்தம் போடாத புனிதா. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும். அந்தச் சத்துமாவுக்காரன் வந்தப்ப அம்மா என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? வீட்டுல இருந்தீங்களா? நான் இருந்தேன். அதுக்கு மேல அவங்க குரல எவனுக்கும் குடுக்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?"

அப்பா செய்திக்காக வைத்திருந்த பழைய ரேடியோ குளிர்சாதனப் பெட்டியின்மேல் இருந்தது. கேசட் போடும் ரேடியோ. புனிதா அதை இறக்கி மேசையில் வைத்து, பெட்டியிலிருந்து கைக்கு வந்த கேசட்டை எடுத்துப் போட்டாள்.

கரகரப்புக்கு நடுவில் அம்மா வந்தாள். இது வேறு குரல். மூச்சு வாங்கியது, இடையில் தொண்டையைச் செருமியது. பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடியது. மைனா ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிப் பாடியது. ஏழில் பிசகி, சிரித்துவிட்டு மறுபடி தொடங்கியது. அப்போது கதவு திறக்கும் சத்தம்.

"ஏய், நிறுத்து அந்தக் கருமத்த. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து மனுசன் தூங்க வேணாமா? குருவி மாதிரி கத்திக்கிட்டு."

கதவு அறைந்து மூடியது.

அப்பாவின் கை ரேடியோவை நோக்கி நீண்டது. புனிதா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கேசட் ஓடியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அம்மா, கிட்டத்தட்ட மூச்சுக் காற்றாலேயே, ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினாள். அந்தப் பக்கம் முடியும்வரை அவள் குரலை உயர்த்தவில்லை.

கேசட் தானாக நின்றது.

"அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. "அவ போனதுக்கப்புறம் எல்லாத்தையும் கேட்டேன். வீட்டுல வச்சிருக்க முடியல. அந்தப் பையன் வந்து கேட்டான். குடுத்துட்டேன். என் குரல எடுத்துட்டு அவ குரல மட்டும் வச்சுக்குவேன்னு சொன்னான்."

"வசதியாப் போச்சு."

"உனக்கும் முகுந்தனுக்கும் மைனா இருக்கு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஞாபகம் இருக்கு. உக்காந்து உக்காந்து பேசுறீங்க. எனக்கு என்ன இருக்கு?"

"உங்களுக்கு இந்த டேப் இருக்கு" என்றாள் புனிதா.

சொன்ன பிறகும் அவளுக்கு ஆறவில்லை. கேசட்டை ரேடியோவுக்குள்ளேயே விட்டுவிட்டு, மற்றவற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. விளம்பரம் நிற்கவில்லை. 'சேராதவங்க' என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டு, 'சேர்ந்தவங்க முன்னால போவாங்க' என்று மாற்றியிருந்தார்கள். அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்தே பேஸ்புக்கில் எழுதினாள். மைனா டீச்சரின் பெயர் சீதாலெட்சுமி, அவள் இன்று உயிரோடு இல்லை, உயிரோடு இருந்தபோது இரண்டு டின் மாவைக் கூடத் திருப்பிக் கொடுத்தவள், நீங்கள் கேட்பது அவள் பேசியது அல்ல. அவ்வளவுதான். அம்மா மேசைக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரே படத்தையும் போட்டாள்.

அது பரவியது. அந்த நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது பிள்ளை பெற்றவர்கள். ஈப்போவிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் எழுதினார்கள். மைனாவுக்குக் கேட்கட்டும் என்று டிவிக்குள் கத்தியது, மின்சாரம் போன ஞாயிற்றுக்கிழமை அழுதது, அப்பா வாங்கித் தந்த மஞ்சள் குவளையை அலகாக்கிக்கொண்டது என்று ஆளுக்கொன்று. சிலர் புனிதாவைத் திட்டினார்கள். தமிழ் வளர்க்க வருபவனின் காலை வாருகிறாள், பணம் கிடைக்காத வயிற்றெரிச்சல் என்றார்கள். அவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதினாள். முகுந்தன் கூப்பிட்டு, "குடும்ப விசயத்த இப்படி நடுத்தெருவுல போட்டுட்டியே அக்கா" என்றான். "அம்மாவ நடுத்தெருவுல போட்டது நீ" என்று சொல்லி வைத்தாள்.

அடுத்த வாரம் கிஷனே கூப்பிட்டான். குரலில் முன்பிருந்த சுறுசுறுப்பு இல்லை.

"எடுத்துடறோம் அக்கா. வேற குரல் வச்சுக்கறோம். மன்னிச்சுக்குங்க." பிறகு கொஞ்சம் தயங்கினான். "அங்கிள் போன்ல இருக்கிறதும் அதே சிஸ்டம்லதான் ஓடுது. நீங்க சரின்னா அத மட்டும் விட்டு வைக்கலாம். யாருக்கும் தெரியாது."

புனிதாவின் முன்னால் ஒரு லோரிக்காரர் நின்றுகொண்டிருந்தார். வாசலில் இன்னொரு லோரி ஹாரன் அடித்தது. ஏங்க, வெயில்ல வெளிய போகாதீங்க என்ற குரல் அவள் காதுக்குள் ஓடியது. அம்மா யாரையும் அப்படிக் குழைந்து கூப்பிட்டதில்லை.

"எல்லாத்தையும் எடு" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அப்பா அவள் அலுவலகத்துக்கு வந்தார். டாக்சியில் வந்து இறங்கி, வெளியே காத்திருந்த லோரிக்காரர்களுக்கு நடுவில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். குமுதாதான் பார்த்து உள்ளே கூட்டி வந்தாள்.

"இது பேச மாட்டேங்குது" என்றார் மகளிடம். "நேத்துலருந்து. சார்ஜ் இருக்கு. அந்தப் பையன் போன எடுக்கல. கொஞ்சம் பாரு."

சொல்லாமல் விட்டிருக்கலாம். கம்பெனி மூடிவிட்டது என்று ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். புனிதா அப்படிப் பழகியவள் இல்லை.

"கெட்டுப் போகலப்பா. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

அப்பா போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். குமுதா எழுந்து வெளியே போய்விட்டாள்.

"என்னோடதையுமா?"

"உங்களோடதையும்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் பதிலுக்குக் கத்தத் தயாராகவும் இருந்தாள். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி வெளியே போனார்.

புனிதா எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்பா சாலையோரமாக ரயில் நிலையத்தின் பக்கம் நடந்துகொண்டிருந்தார். மத்தியான வெயில். நடைபாதை இல்லாத சாலை. கண்டெய்னர் லோரிகள் ஒவ்வொன்றும் அவர் சட்டையைப் படபடக்க வைத்துக்கொண்டு போயின. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

காரை அவர் பின்னால் மெதுவாக உருட்டிக்கொண்டு போய், கண்ணாடியை இறக்கினாள்.

"ஏறுங்கப்பா."

அவர் நடந்தார்.

"வெயில்ல மயக்கம் போட்டு விழுந்தா நான்தான் ஆஸ்பத்திரிக்கு அலையணும். ஏறுங்க."

"என் வீட்டுக்கு நான் போறேன். நீ உன் வேலையப் பாரு."

பின்னால் வந்த லோரி நீளமாக ஹாரன் அடித்தது. புனிதா வெளியே கையை நீட்டி அவனைத் தாண்டிப் போகச் சொன்னாள். அவன் தாண்டும்போது மலாயில் ஏதோ திட்டிவிட்டுப் போனான். அவளும் திட்டினாள். அப்பா நின்று திரும்பிப் பார்த்தார்.

"நடு ரோட்டுல நின்னுக்கிட்டு யார்கூட சண்ட போடுற?"

"எல்லார்கூடவும்தான். ஏறுங்க."

அவர் பின் கதவைத் திறந்து பின் இருக்கையில் உட்கார்ந்தார். டாக்சியில் உட்காருவதுபோல. புனிதாவுக்குக் கோபம் தலைக்கேறியது. காரைக் கிளப்பினாள். கண்ணாடியில் அவர் முகத்தின் பாதி மட்டும் தெரிந்தது. வேர்வையைத் துடைக்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கார் பாலத்தைத் தாண்டியது.

"அந்த மைனா என்ன செய்யும்?" என்றார் திடீரென்று.

"என்ன?"

"டிவியில. நான் ஒரு தடவ கூடப் பார்த்ததில்ல. ஞாயித்துக்கிழமைனா சீட்டாடப் போயிடுவேன். வந்து என்னதான் செய்யும்?"

"இப்பதான் கேக்கத் தோணுச்சா?"

"இப்பதான் தோணுச்சு."

சிவப்பு விளக்கு விழுந்தது. புனிதா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தது. ஆனால் வாய் திறந்ததும், யாரோ தரவேண்டிய பாக்கியை எண்ணிக் கேட்பதுபோல், ஒவ்வொன்றாகக் கொட்டத் தொடங்கினாள்.

"குடை பிடிச்சுக்கிட்டு வரும். மழையே இருக்காது, ஆனா குடை பிடிச்சிருக்கும். ஏன்னு கேட்டா, மழை வந்தா நனைஞ்சிடுவேன்னு சொல்லும். அப்புறம் பையிலருந்து ஒரு எழுத்த எடுக்கும். எழுத்து ஓடிப் போயிடும். பிள்ளைங்க தேடிக் கண்டுபிடிக்கணும். மேசைக்கு மேல, மேசைக்குக் கீழ. கீழ பாக்காதீங்கன்னு கத்தும். ஏன்னா கீழ அம்மா இருந்தாங்க. எங்களுக்குத் தெரியும், நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். போதுமா?"

"இன்னும் சொல்லு."

"மைனாவுக்கு ழ வராது. பழம்னு சொல்லத் தெரியாம பளம், பளம்னு சொல்லும். வேணும்னேதான் சொல்லும். அப்பதான நாங்க திருத்துவோம். டிவிக்கு முன்னாடி நின்னு அது இல்ல டீச்சர், பழம், பழம்னு தொண்ட கிழியக் கத்துவோம். ஒரு வருசம் முழுக்கத் தப்பாவே சொல்லுச்சு. அந்த ஒரு வருசத்துல எங்க எல்லாருக்கும் ழ வந்துடுச்சு."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த கார் ஹாரன் அடிக்க, அவள் காரை எடுத்தாள்.

"நானும் பளம்னுதான சொல்றேன்" என்றார் அப்பா.

"தெரியும்."

"அவ ஒண்ணும் சொன்னதில்லையே."

"உங்ககிட்ட எதச் சொல்ல முடிஞ்சுச்சு அவங்களால?"

கார் செந்தோசாவுக்குள் திரும்பியது. வெயிலில் கடைகளெல்லாம் பாதி இறங்கிய பலகைகளோடு இருந்தன.

"எப்படிச் சொல்லணும்?"

"நாக்க மேல மடிக்கணும். மடிச்சு எங்கயும் ஒட்டாம வச்சுக்கணும்."

பின் இருக்கையில் அவர் வாயைத் திறந்து மூடுவது கண்ணாடியில் தெரிந்தது.

"பளம்."

"இல்ல."

"பலம்."

"இல்லப்பா. ஒட்டக்கூடாதுன்னு சொன்னேன்ல" என்றாள் புனிதா. அவள் குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. "மறுபடி சொல்லுங்க."